சுவருக்குள் ஓர் அவன்

கேக் சுடுகிற மின்சார அடுப்புக்குத் தமிழில் வெதுப்பி என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதை மட்டும் நான் காலாகாலத்தில் பழகியிருந்தால், என் குடும்ப மானம் முடிச்சூரில் அப்படிக் கப்பலேறியிருக்காது. ஊரில் எல்லோரும் சொல்வதுபோல நானும் அதை 'அவன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழை அலட்சியப்படுத்தியதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை இது.

இதில் இன்னொரு சிக்கல், என் கணவன் சரவணனையும் நான் 'அவன்' என்றுதான் சொல்வேன். குரோம்பேட்டைக் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு வரிசை. நாலு வருஷம் வாடா போடா என்று கூப்பிட்டுவிட்டுத் தாலி ஏறியதும் 'அவர்' என்று சொல்ல எனக்கு வரவில்லை. அம்மா கண்டித்துப் பார்த்தாள். "கட்டின புருஷனை அவன் இவன்னு சொல்லாதடி, ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அதாலயே வம்பு வரும்." (வந்தது. ஆனால் அம்மா நினைத்த வழியில் வரவில்லை.)

எங்கள் கல்யாணத்தில் அப்பாவுக்கு மனசே இல்லை. அவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், செங்கல்பட்டில் சொந்த வீடு. பச்சைக்கொடி காட்டியே பழகிய மனிதர் எனக்கு மட்டும் கடைசிவரை சிவப்பையே பிடித்துக்கொண்டிருந்தார். "நீ ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கிட்டு வருவே பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் மணமேடைக்கே வந்தார். அதற்குப் பிறகும் சரவணனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான், "அவருக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்று என்னிடம் சொல்வார். புதுமனைப் புகுவிழாவுக்கு வந்தவர்கூட ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கூடத்துக் கடிகாரம் மூன்று நிமிஷம் பிந்தி ஓடுகிறது என்று நாற்காலி போட்டு ஏறித் திருத்திவிட்டுப் போய்விட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மனிதர்கள் தப்பாக நடந்தால்கூடப் பொறுப்பார், கடிகாரம் தப்பாக நடந்தால் பொறுக்கமாட்டார்.

முடிச்சூரில் அப்போது பாதி வயல், பாதி பிளாட். எங்கள் புது வீட்டுச் சமையலறைக்கு அலமாரி அடிக்க ஜிஎஸ்டி ரோட்டுக் கடைக்குப் போன இடத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். சுவருக்குள் பதித்து வைக்கிற ஜோடி அடுப்பு. மேலே மைக்ரோவேவ், கீழே அவன். முழுக்கக் கறுப்புக் கண்ணாடி, நடுவில் பச்சை எண்களில் மணி. முன்னால் நின்றால் முகம் தெரியும். எனக்கு என் முகம் அதில் பணக்கார முகமாகத் தெரிந்தது. சரவணன் தயங்கினான், நான் அடம் பிடித்தேன், சுவரை இடித்தோம், வைத்துப் பூசினோம். அக்கம்பக்கத்தார் கொலு பார்க்க வருவதுபோல வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேல் வீட்டு ஆயிஷா அக்கா மட்டும் அதை நகை லாக்கர் என்று நினைத்து, "சாவியை எங்க வெச்சிருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று காதோடு சொன்னார்.

அப்பா வீட்டில் மட்டும் இதைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. ஆடம்பரம் என்றால் அவருக்கு ஆகாது. ஏற்கெனவே இருக்கிற கணக்கில் இதையும் மருமகன் பேரில் எழுதிவிடுவார்.

முதல் கல்யாண நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட வருவதாக அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக நான் காத்திருந்த பதில் அது. என் கையால் கேக் செய்து, அப்பாவும் சரவணனும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும், அதன் பிறகு அந்த அவன் எங்கே இருந்து வந்தது என்ற கேள்வியே எழாது என்பது என் திட்டம். (திட்டம் போடுவதில் எனக்கு எப்போதுமே குறை இருந்ததில்லை.)

அந்த வாரம் பார்த்து ஒருநாள் கரண்ட் போய் வந்தது. வந்ததும் மணி இருந்த இடத்தில் 12:00 என்று விட்டு விட்டு மின்னியது. மேலே இருந்த மைக்ரோவேவ் வேலை செய்தது. கீழே இருந்த அவன் சூடாகவில்லை. சுவிட்சை அணைத்துப் போட்டேன், குமிழைத் திருகினேன், கதவை அறைந்து சாத்தினேன். வெள்ளிக்கிழமை கற்பூரம் சுற்றித் திருஷ்டிகூடக் கழித்தேன். அது பன்னிரண்டைக் காட்டிக் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. சர்வீஸ் சென்டரோ போனை எடுப்பதே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டு போனில் கூப்பிட்டாள். நாளைக்கு முறுக்கு கொண்டுவரவா, அதிரசம் கொண்டுவரவா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. சர்வீஸ் சென்டர். "ஒரு நிமிஷம்மா" என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டு செல்லில் பேசினேன். செங்கல்பட்டில் அம்மா காதில் விழுந்தது இதுதான்:

"ஆமா சார், அவனைப் பத்திதான் பேசணும். ஆரம்பத்துல எல்லாம் நல்லாத்தான் போச்சு. இப்ப ஒரு வாரமா சரியில்ல. வெளியில பார்த்தா பளபளப்புதான், உள்ள சூடே இல்ல சார். தட்டிப் பார்த்துட்டேன், கோவத்துல ரெண்டு அடிகூட அடிச்சுப் பார்த்துட்டேன். அசையல. ஏதோ மேல இருக்கிறவன் புண்ணியத்துல ஓடிக்கிட்டிருக்கு. நாளைக்கு எங்கப்பா வர்றார் சார், அவர் முன்னாடி என் மானம் போயிடும். உடனே ஆள் அனுப்புங்க. சரிப்படலைன்னா அவனைத் தூக்கிட்டுப் போயிடுங்க, எனக்கு வேற அவன் குடுங்க. அதான் வாரண்டி இருக்கே."

தமிழ் இலக்கணம் இங்கே எனக்குச் செய்த துரோகத்தைக் கவனிக்க வேண்டும். 'சூடாகிறான்' என்றால் ஆள், 'சூடாகிறது' என்றால் அடுப்பு. ஆனால் 'சரியில்ல', 'அசையல' என்று பேச்சில் வந்துவிட்டால் ஆளுக்கும் அடுப்புக்கும் ஒரே விகுதிதான். போதாததற்கு அம்மாவின் காதில் வாரண்டி வாரண்ட் என்று விழுந்திருக்கிறது. பெண் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டுவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டாள். நான் ரிசீவரை எடுத்தபோது லைன் இல்லை. வழக்கமான கோளாறு என்று நினைத்தேன்.

சாயங்காலம் வாசல் மணி அடித்தது. சர்வீஸ்காரர் என்று ஓடிப்போய்த் திறந்தால் அப்பா, அம்மா, பெரியப்பா. பெரியப்பா எங்கள் குடும்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர். கையில் குடை, கூடவே ஒரு பெரிய சூட்கேஸ். வாங்கி உள்ளே வைத்தேன், காற்றுபோல இருந்தது. காலி. என் துணிமணிகளை அடுக்கி அழைத்துப்போகக் கொண்டுவந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மா என் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுவும் சொல்ல வேணாம்டி. எல்லாத்தையும் போன்ல கேட்டுட்டேன்."

ஐயோ, அவன் வாங்கியது தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். "தப்பு என்னோடதுதாம்மா" என்று அழுதேன். "பார்த்ததும் ஆசைப்பட்டுட்டேன். அவசரப்பட்டுக் கட்டிக்கிட்டு அழறேன். அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். தான் சொன்னது பலித்துவிட்டது என்கிற முகம் அல்ல அது. இருபது வருஷம் வயது கூடியதுபோல நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துச் சரவணன் கையில் முட்டையும் மைதாவுமாக உள்ளே வந்தான். அழுகிற மனைவி, கல்லாக மாமனார், குடையோடு பெரியப்பா. அவனும் என்னைப் போலவே அடுப்பு விஷயம் வெடித்துவிட்டது என்று நினைத்தான். உண்மையை ஒப்புக்கொள்வதுதான் ஆண்மை என்று முடிவு செய்து பேச ஆரம்பித்தான்.

"மாமா, உங்ககிட்ட மறைச்சது தப்புதான். அவன் வந்ததுலேர்ந்தே வீட்ல நிம்மதி இல்ல. உமா அவனைப் பார்த்ததுமே வேணும்னுட்டா. சரி, ஆசைப்படுறாளேன்னு நானும் ஒத்துக்கிட்டேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை கெட்ட மருமகன் கதையாக இருந்தது, இப்போது வேறு கதையாகிவிட்டது. பெரியப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அவன் இப்ப எங்க கீறான்?"

"சமையல் ரூம்லதான் பெரியப்பா. சுவத்தை இடிச்சு, உள்ள வெச்சு, சுத்தி சிமெண்ட் பூசிட்டோம்."

அம்மா சரிந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தட்டியதும் சிரிப்பு வந்தது. அழுகைக்கு நடுவில் வந்த அந்தச் சிரிப்பை என்னால் நிறுத்த முடியவில்லை. பெண்ணுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அம்மா மாரியம்மனைக் கூப்பிட ஆரம்பித்தாள். பெரியப்பா குடையை முன்னால் நீட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் குழப்பத்தோடு திரும்பி வந்தார்.

"உள்ள யாரும் இல்லியே. ஒரு டிவி பொட்டியத்தான் சுவத்துல பதிச்சி வெச்சிக்கீறாங்க."

எல்லோரையும் சமையலறைக்கு அழைத்துப்போய், மேலே இருக்கிறவன் இவன், கீழே இருக்கிறவன் இவன் என்று நான் அறிமுகம் செய்து முடித்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரியப்பா குடையைச் சுருக்கிக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே சுருங்கித்தான் இருந்தது. மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டு, பெண்ணைச் சந்தேகப்பட்டு, கடைசியில் கொலைவரைக்கும் போய்விட்டு வந்த அப்பா அடுப்புக்கு நேராகப் போனார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி ஆறே கால் ஆவுது. இது பன்னெண்டுங்குது" என்றார். நாங்கள் தடுப்பதற்குள் ஒவ்வொரு பொத்தானாக அழுத்த ஆரம்பித்துவிட்டார். 6:15 வந்ததும் கீச்சென்று ஒரு சத்தம். உள்ளே விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. நான் திருகிவிட்டு மறந்திருந்த குமிழின் புண்ணியத்தில் கண்ணாடி மெல்லச் சூடாகியது.

(கரண்ட் போய் வந்தால் மணி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் கீழ் அடுப்பு எரியாது. இதைத் திங்கட்கிழமை வந்த சர்வீஸ்காரர் சொன்னார். கூடக் கொடுத்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறதாம். முதல் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?)

அன்று சாயங்காலமே கேக் செய்தேன். ஒரு பக்கம் கருகி, இன்னொரு பக்கம் வேகாமல், நடுவில் மட்டும் கேக்காக வந்தது. சரவணன் தட்டை நீட்டினான். அப்பா எடுத்துக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே அவன் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"மாப்ள, உங்க வாட்ச் ரெண்டு நிமிஷம் ஸ்லோ. கழட்டிக் குடுங்க."

என்னிடம் சொல்லச் சொல்லவில்லை. அவனிடமே சொன்னார். நான் காப்பி கலக்குகிற சாக்கில் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன், ஏனென்றால் இந்த முறை நிஜமாகவே கண்ணைக் கசக்க வேண்டியிருந்தது. காலியாக வந்த சூட்கேஸ், மீதிக் கேக்கோடு செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போனது.

அதன் பிறகு முடிச்சூரில் கரண்ட் போகாத வாரம் உண்டா? போய் வந்தால் மணி வைக்க எனக்கும் தெரியும், சரவணனுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. அப்பாவுக்கு போன் போடுவோம். "அதுக்குள்ள தப்பா எதையாவது அமுக்கிடாதீங்க, நான் வரேன்" என்று அடுத்த மின்சார ரயிலைப் பிடித்து வருவார். மணி வைப்பார், சாப்பிடுவார், மருமகனோடு உட்கார்ந்து செய்தி பார்ப்பார், கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியில் போவார்.

அம்மா மட்டும் உஷாராகிவிட்டாள். நான் போனில் "அவன் சரியில்லம்மா" என்று ஆரம்பித்தால் இன்றைக்கும் முதல் கேள்வி அதுதான்.

"எந்த அவன்னு சொல்லிடு. அப்பாவை மட்டும் அனுப்பணுமா, பெரியப்பாவும் வரணுமா?"