பெடலில் கட்டிய காப்பு

பேய்க்கு ஜீப் ஓட்டத் தெரியும் என்று உலகத்துக்கே முதலில் அறிவித்த பெருமை எங்கள் கிண்ணியாத் துறையடியைத்தான் சேரும்.

வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருசங்கள் ஆகியிருந்தன. கப்பலைக் கொண்டுபோனான், பீரங்கியைக் கொண்டுபோனான். பழைய ஜீப்புகளை ஏலத்தில் தள்ளிவிட்டுப் போனான். அந்த ஜீப்புகளில் செத்த சிப்பாய்களின் ஆவி குந்திக்கொண்டிருக்கிறது, அதுதான் நினைத்த நேரம் பிறேக்கைப் பிடிக்கவிடாமல் செய்கிறது என்று கண்டுபிடித்தவர் பிறேக் சாமி. வெள்ளைக்காரப் பேய்க்குத் தமிழ் மந்திரம் எப்படி விளங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் எதைத்தான் கேட்டோம்?

சாமியின் சொந்தப் பேர் இராசதுரை. முன்பு லொறியில் கிளீனர் வேலை. தாடி வளர்ந்ததும் ஞானமும் வளர்ந்துவிட்டது. வாகனங்களை அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். பாதை வரும்வரை எல்லா வண்டியும் துறையடியில் காத்துக் கிடக்க வேண்டும். சாமி கொட்டில் போட்ட இடமும் அதுதான். ஞானிக்கு இடம் பார்க்கத் தெரியாதா என்ன?

சைவர் வந்தால் திருநீறு, முஸ்லிம் வந்தால் ஓதிய நூல், வேதக்காரர் வந்தால் மெழுகுதிரி. சமய ஒற்றுமையை அவரைப்போல வளர்த்தவர் இந்த மாவட்டத்தில் இல்லை. சடங்கின் முடிவில் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள, சாமி தலையைக் குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே நுழைந்து, பிறேக் பெடலில் சிவப்புக் கயிற்றால் ஒரு செப்புக் காப்பைக் கட்டுவார். அதைப் பார்த்தவனுக்குக் கண் போய்விடுமாம். போகும் கண்ணை யார் பணயம் வைப்பது?

காப்புக் கட்டிய வண்டிகள் ஓடிப்போய், திரும்பி வரும்போது பிறேக் இல்லாமல் வந்தன. அதுதான் அதிசயம்! கொட்டிலடியில் நிறுத்திச் சாமி ஆறுதலாக, அவசரமே இல்லாமல் பூசை செய்து முடிக்கும்போது பிறேக் திரும்பியும் பிடித்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தட்டில் காணிக்கையும் போட்டது. பிறகென்ன, தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தண்ணீர்ப் பம்பைக் கொண்டு வந்தார்கள். பால் சுரக்காத மாட்டுக்குக்கூடப் பிறேக் சாமி காப்புக் கட்டினார்.

எங்கள் ஊர்ச் சாரதி அபூதாஹிரின் ஜீப்பும் ஏலத்தில் எடுத்த ஜீப்தான். மணலும் சேறுமான உள்ளூர் றோட்டுகளில் மாரிகாலத்தில் ஓடக்கூடியது அது ஒன்றுதான். ஒருநாள் வெள்ளத்துக்குள்ளால் இறங்கி ஏறியபோது பிறேக் கொஞ்சம் வழுக்கியது. பிறேக் நனைந்தால் வழுக்கும் என்பது அபூதாஹிருக்குத் தெரியாததல்ல. ஆனால் சாமி பேய் என்று சொல்லிவிட்டார். காப்பும் ஏறியது.

அன்றிலிருந்து ஜீப் இழுக்க மறுத்தது. பேய் பின்னுக்கு ஏறிக் குந்தியிருக்கிறது என்றார் சாமி. பெற்றோல் குடித்தது. அதுவும் பேய் குடிப்பதுதானாம். கருகல் மணம் வந்தது. பேய் சுருட்டுப் பத்துகிறதாம். ஒருநாள் துறை இறக்கத்தில் பெடல் அடிவரை இறங்கி, ஜீப் நிற்காமல் போய் முன்சில்லு இரண்டையும் ஆற்றில் நனைத்தது. சாமி இன்னும் இறுக்கி ஒரு காப்புக் கட்டினார்.

இதற்குள் அபூதாஹிரின் மனைவி றம்லாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. முதல் பிள்ளை வீட்டிலே பிறந்து, வீட்டிலே செத்தது. றம்லாவும் மயிரிழையில்தான் தப்பினாள். இந்த முறை காலும் முகமும் வீங்கி, தலையிடி விடவில்லை. உடனே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அரசாங்க மருத்துவிச்சி கமலாதேவி சொன்னார். அமாவாசைப் பூசை முடியாமல் பிள்ளைத்தாய்ச்சியை அந்த ஜீப்பில் ஏற்றக்கூடாது என்று சாமி சொல்லியிருந்தார். அபூதாஹிர் இரண்டு பேருக்கும் தலையாட்டினான்.

கமலாதேவி வீட்டுக்கே வந்து விட்டார். "அமாவாசை வருமட்டும் இந்தப் பிள்ளை உசிரோட இருக்கும் எண்டு உங்கட சாமி எழுதித் தருவாரோ? வண்டியை எடுங்கோ" என்றார்.

பாதித் தூரம் போயிருக்கமாட்டார்கள், சுருட்டு மணம் வந்துவிட்டது. பெடலும் இறங்கியது. அபூதாஹிர் ஜீப்பை மணலுக்குள் விட்டு நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். பின்னால் றம்லா கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தாள். கமலாதேவி வந்த கோபத்தில் கீழே இறங்கி, காய்ச்சல்காரனின் நெற்றிக்குப் போவதுபோல மணம் வந்த சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனார். அனல் அடித்தது.

"பிறேக் பிடிக்கயில்லை எண்டா, சில்லு ஏன் இப்பிடிச் சுடுது?"

"பிறேக் பிடிச்சாத்தான் மிஸ்ஸி சுடும்."

"நீங்கள் பிடிச்சனீங்களோ?"

"இல்ல."

"அப்ப ஆர் பிடிக்கிறது?"

அபூதாஹிர் பேய் என்று சொல்ல வாயைத் திறந்தான். பேய் பிறேக்கைப் பிடிக்க விடாது என்றுதானே சாமி சொன்னார்? காப்புக் கட்ட முந்தி இந்த மணம் வந்ததா, பெற்றோல் இப்படிப் போனதா என்று கமலாதேவி நோயாளியைக் கேட்பதுபோல ஒவ்வொன்றாய்க் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவன் இல்லை என்றான். அப்படியென்றால் காப்பைத்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர். கண் போய்விடும் என்று அபூதாஹிர் தடுத்தான்.

"எனக்குக் கண் ரெண்டு கிடக்கு. உங்கட மனிசிக்கு உசிர் ஒண்டுதான்."

குனிந்து பார்த்தார். கண் போகவில்லை. பெடலின் தண்டைக் கீழே இருந்த இரும்போடு சேர்த்துக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார். கத்தரிக்கோலை இனித் திரும்பவும் கொதிதண்ணீரில் அவிக்க வேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். பெடல் இரண்டு விரல் அளவு மேலே எழும்பியது.

அதற்குமேல் அபூதாஹிருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையிருக்கவில்லை. பெடல் முழுதாய் மேலே வராவிட்டால் பிறேக் ஓடும் நேரமெல்லாம் உரசும். உரசினால் சூடேறும், சூட்டில் பிறேக் எண்ணெய் கொதித்துக் குமிழ் விடும், பெடல் அடிக்கு இறங்கும். நிறுத்திவைத்து ஆறவிட்டால் திரும்ப வரும். சாமி ஆறுதலாகப் பூசை செய்ததும் அதற்குத்தான். எல்லாம் தெரிந்த மனுசன் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான்.

சூடு தணியும்வரை நின்றார்கள். மந்திரம் இல்லாமலே பிறேக் வந்தது. துறை இறக்கத்தில் ஜீப் அபூதாஹிர் மிதித்த இடத்தில் நின்றது. பாதை அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கூட்டம் அதிசயித்தது. காப்பின் மகிமையைப் பார்த்தீர்களா என்று சாமி எழும்பி நின்று கேட்டார்.

கமலாதேவி வெட்டிய காப்பை நீட்டினார். பேய் இன்றைக்குத்தான் பயந்து இறங்கிவிட்டது என்றார் சாமி. கூட்டம் அதற்கும் தலையாட்டியது! எங்கள் கழுத்துக்கு எந்தக் காப்பும் கட்டவில்லை, தானாகவே ஆடும்.

கமலாதேவி கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற சாமியின் கறுப்புக் காருக்குப் போனார். முன்னால் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் மாலை, கூரையில் வேப்பிலை. கதவைத் திறந்து குனிந்தார். பெடலில் ஒரு நூல்கூட இல்லை.

"சாமி, ஊரெல்லாம் கட்டின காப்பு உங்கட பெடல்ல மட்டும் இல்லையே. இதையே கட்டுவம். ஒரு சுத்து ஓடிப்போட்டு வந்து இந்த இறக்கத்தில இறங்குங்கோ."

அபூதாஹிர் கயிற்றை வாங்கிக்கொண்டு காருக்குள் குனிந்தான். சாமி ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விசரே உனக்கு? பிறேக் சூடேறி ஆத்துக்குள்ள போயிடுவன்!"

வரிசையில் நின்ற சாரதிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் தங்கள் பெடலுக்குக் கீழே குனிந்தார்கள். அவர்கள் கயிற்றை அறுத்த கத்தியோடு நிமிர்வதற்குள் சாமி காரை எடுத்துவிட்டார். காப்பில்லாத கார் நன்றாகத்தான் ஓடியது.

பாதை வந்தது, ஜீப் ஏறியது. பெரியாஸ்பத்திரியில் றம்லாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் சந்தோசப்பட்டிருப்பேன். அடுத்த கிழமை இரண்டு பேர் கமலாதேவியின் வாசலில் வந்து நின்றார்களாம், அந்தக் கத்தரிக்கோலால் தங்கள் வண்டியை ஒருமுறை தொட்டுத் தரச் சொல்லி. அவர் விளக்குமாற்றைத்தான் எடுத்தாராம்.

சாமியின் காலில் விழ எல்லோருக்கும் இடுப்பு வளைந்தது. அதே இடுப்பைப் பெடலுக்குக் கீழே வளைக்க, ஒருத்தி சாகக் கிடக்க வேண்டியிருந்தது. ஐயா, குனிவதென்றால் குனியுங்கள். கண்ணைத் திறந்துகொண்டு குனியுங்கள்.