மாப்பிள்ளை வண்டி

நடுக்கதவு மறுபடியும் மூடவில்லை.

ஓட்டுநர் பொத்தானை அழுத்தினார். கதவு பாதி தூரம் வந்தது, ஏதோ யோசித்தது, திரும்பிப் போய்விட்டது. இன்னொரு முறை அழுத்தினார். இந்த முறை அது யோசிக்கக்கூட இல்லை. வேறு வழியில்லாமல் தன் அறையிலிருந்து இறங்கி, நடைமேடை வழியாக நடந்து போய், கதவின் கீழ்மூலையில் பூட்ஸ் காலால் ஓர் உதை விட்டார். கதவு நல்ல பிள்ளையாக மூடிக்கொண்டது.

"எங்க உதைக்கணும்னு டிரைவர் சாருக்குத்தான் தெரியும்," என்றார் உள்ளேயிருந்து கண்ணாடிக்கடைக்காரர்.

"உதைச்சாத்தான் வேலை செய்யும்னா, இது வண்டியா இல்ல எங்க வீட்டுக்காரரா?" என்றார் நர்ஸம்மா.

பெட்டியே சிரித்தது. தினமும் அதே நேரத்துக்கு அதே டிராமில் ஏறுகிறவர்கள். வண்டிக்கு 'இருமல்' என்று பெயர் வைத்தவர்களும் அவர்களே. கிளம்பும்போது இரண்டு முறை இருமும், மேட்டில் ஏறும்போது நிறுத்தாமல் இருமும்.

அந்த நேரம் பார்த்து எதிர்த் தண்டவாளத்தில் புது வண்டி வந்தது. வெள்ளை வெளேரென்று, சத்தமே இல்லாமல், முகப்பில் கறுப்புக் கண்ணாடியோடு. ஜோடனையைப் பார்த்து ஊரே அதை 'மாப்பிள்ளை வண்டி' என்றுதான் சொல்லும். அதை ஓட்டுவது வேறு யாருமில்லை, ஓட்டுநரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி.

"எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது பாருங்க!" என்றார் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. "ஓட்டறவர் கை அப்படி!"

ஓட்டுநரின் அறைக்கதவில் தாழ்ப்பாள் உடைந்து வருஷக்கணக்காகிறது. பின்னால் பேசுவதெல்லாம் நேராக அவர் காதில்தான் வந்து விழும். இதுவும் விழுந்தது. வயிறு பற்றி எரிந்தது.

"நம்ம வண்டியை எப்பத்தான் சரி பண்ணுவாங்க?" என்றார் நர்ஸம்மா.

"பண்ணாங்களே!" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "பிரேக் கத்துதுன்னு புகார் சொன்னோம். ஷெட்டுக்குக் கொண்டுபோய் கைப்பிடிக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு அனுப்பிட்டாங்க."

"இன்னும் கத்துதே?"

"கத்தும்போது பிடிச்சுக்கறதுக்குத்தான் கைப்பிடி."

ஓட்டுநர் சிரிக்கவில்லை. அவர் மனசு கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

வீட்டிலும் அதே பாட்டுத்தான்.

"என் தம்பியைப் பாருங்க," என்பாள் மனைவி. "காலையில போட்ட சட்டை சாயங்காலம் வரைக்கும் மடிப்புக் கலையாம வர்றான். நீங்களும் வர்றீங்க, யாருகிட்டயோ அடி வாங்கிட்டு வந்த மாதிரி."

விடுமுறை நாளில் மச்சினன் சாப்பிட வருவான். போன வருஷம் வரை தலைப்புச் செய்தியைக்கூட முழுதாகப் படிக்காதவன், இப்போது விளையாட்டுப் பக்கத்திலிருந்து வானிலை வரை ஒப்பிக்கிறான். குறுக்கெழுத்துப் போட்டியில் பரிசுகூட வாங்கிவிட்டான். கொஞ்சம் தொப்பையும் போட்டிருந்தது.

"இதெல்லாம் படிக்க எங்க நேரம் கிடைக்குது மாப்ள?"

"கிடைக்குது அத்தான்."

"அந்த வண்டிக்கு பிரேக் எப்படி? முன்னாடியே பிடிச்சுக்கணுமா, இல்ல பிடிச்சா நிக்குமா?"

மச்சினன் தட்டைப் பார்த்தான். "அதெல்லாம் சொன்னாப் புரியாது அத்தான். அக்கா, கொஞ்சம் தண்ணி குடு."

திமிர்! இத்தனைக்கும் இவன் என்ன பெரிய கெட்டிக்காரனா? வண்டியைப் பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று ஷெட் சுவரை இடித்துத் தள்ளினவன். அடுத்த வாரமே அவனுக்குப் புது வண்டி! சுவரை இடித்தவனுக்கு மாப்பிள்ளை வண்டி, ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறவருக்கு இருமல். மேலதிகாரியை எப்படியோ கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டான் என்பதில் ஓட்டுநருக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் ஷெட் மேலாளர் முன்னால் போய் நின்றார்.

"எனக்கும் புது வண்டி குடுங்க சார்."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கா? அட போங்க. அந்தப் பழைய வண்டிக்கு நீங்கதான் சரி."

பழைய வண்டிக்குப் பழைய ஆள் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். வரும்போதே ஒரு முடிவோடு வந்தார். இருமலை ஒழித்துக்கட்டினால் அவருக்கு வேறு வண்டி தந்துதானே ஆக வேண்டும்?

முதலில் பயணிகளைக் கிளப்பிவிட்டார்.

"நீங்க எல்லாம் சும்மா இருந்தா எப்படிம்மா? இந்த வண்டி பத்தி ஆபீஸ்ல பலமா சொல்லுங்க."

டீச்சரம்மா அன்றைக்கே அலுவலகத்துக்குப் போன் போட்டார். முப்பது வருஷம் வகுப்பெடுத்த குரல். ஓட்டுநரின் நன்மைக்காகவே பேசினார். அதுதான் வினை.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். "வண்டியை உதைச்சு ஓட்டறீங்களாமே?"

"சார், அது கதவு..."

"'எங்க டிரைவர் தங்கமானவர், உதைச்சு உதைச்சே எங்களைக் கொண்டு போய்ச் சேர்த்துடறார்'னு ஒரு அம்மா பாராட்டறாங்க. அரசாங்கச் சொத்தை உதைக்கலாமா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. ஆனால் பொறாமை பிடித்தவன் குரங்கைப் பார்த்து நிற்பானா? ஓட்டுநர் அடுத்ததற்குத் தாவினார்.

இனி இந்த வண்டியைத் தாஜா செய்வதில்லை என்று தீர்மானித்தார். பாலத்து மேட்டுக்கு முன்னால் எப்போதும் கொஞ்சம் வேகம் கொடுத்து, இருமல் மூச்சு வாங்குவதற்குள் ஏற்றிவிடுவார். அன்று கொடுக்கவில்லை. வண்டி பாதி மேட்டில் நின்றது. இருமியது. அப்படியே நின்றுவிட்டது.

"என்னாச்சு டிரைவர் சார்?"

"வயசாயிடுச்சும்மா. இனி இது தாங்காது," என்றார், சாவு வீட்டுக் குரலில்.

பழுது பார்க்கும் ஃபோர்மேன் பையோடு வந்தார். ஓட்டுநர் ஒவ்வொரு குறையாகச் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். பிறகு வண்டியை மேட்டிலிருந்து கொஞ்சம் பின்னால் விட்டு, ஓர் அழுத்து அழுத்தினார். வீடே அதிர இருமுகிற குழந்தை டாக்டரைக் கண்டதும் கப்சிப்பென்று ஆகிவிடுமே, அதுபோல இருமல் ஒரு சத்தமும் போடாமல் பாலமேறிவிட்டது.

"வண்டிக்கு ஒண்ணுமில்லையே!" என்ற ஃபோர்மேன், ஓட்டுநரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கில்ல?"

வந்ததற்கு அடையாளமாகக் கைப்பிடிகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்.

இந்தக் கதை சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டது. "நடுவழியில நிறுத்திட்டீங்களாமே? தம்பி சொன்னான்," என்றாள் மனைவி. "அவன் வண்டி ஒரு நாளாவது நின்னிருக்கா?"

அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருஷம் ஓட்டிப் பழகின கை, சொந்த வீட்டில் செல்லாக்காசாகிவிட்டது. அதுதான் அவரைக் குடைந்தது.

கடைசி அஸ்திரமாக மேலாளரையே கூப்பிட்டார். "நீங்களே ஒரு தடவை என்கூட வந்து பாருங்க சார். அப்புறம் பேசுங்க."

மேலாளர் வந்தார். கையில் ஒரு கோப்பைக் காப்பியோடு ஓட்டுநரின் அறையில் ஏறி நின்றார். அன்றைக்கென்று பார்த்து இருமல் பட்டுப்போல ஓடியது. கதவு முதல் அழுத்திலேயே மூடியது. பிரேக் கத்தவில்லை. பாலத்தில் ஏறும்போது, எங்கே இந்தச் சனியன் இருமவே இருமாதோ என்று ஓட்டுநருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்லாத்தானே ஓடுது?" என்றார் மேலாளர்.

ஓட்டுநருக்குக் கண் இருட்டியது. வளைவுக்கு வெகு முன்னாலேயே மெதுவாகத் தடவிப் பிடிக்க வேண்டிய பிரேக்கை, வளைவில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

இருமல் அலறியது. மேலாளரின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கமும் காப்பி இன்னொரு பக்கமும் பறந்தன. காப்பி அவருடைய சட்டையிலேயே வந்து தங்கியது. பெட்டியில் அத்தனை பேரும் பச்சைக் கைப்பிடிகளைப் பிடித்துத் தொங்கினார்கள். நடுக்கதவு தானாகத் திறந்துகொண்டு, மூட மாட்டேன் என்று நின்றது. அதே தண்டவாளத்தில் பின்னால் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வண்டி அழகாக, அலுங்காமல், ஓரடி தள்ளி வந்து நின்றது.

"பாத்தீங்களா சார்? இதுதான் வண்டியோட லட்சணம்!" என்றார் ஓட்டுநர் வெற்றியோடு.

டீச்சரம்மாவால் பொறுக்க முடியவில்லை. "சார், நீங்க அவரைத் தப்பா நினைக்கக் கூடாது. அவர் இப்படி ஓட்டறவரே இல்ல."

"ஆமா சார்," என்றார் நர்ஸம்மா. "கொஞ்ச நாளாத்தான். அன்னைக்குக்கூட மேட்டுல நிறுத்திட்டு வெறிச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தார். மனசுல ஏதோ கஷ்டம் போலிருக்கு. மன்னிச்சு விட்டுருங்க."

நல்லவர்கள் வாயைத் திறந்தால் கெட்டவர்கள் தேவையில்லை. மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஓட்டுநரை வெகுநேரம் பார்த்தார். ஓட்டுநர், வேலையே போய்விட்டது என்று நினைத்தார்.

"நாளையிலேருந்து நீங்க புது வண்டிக்குப் போயிருங்க," என்றார் மேலாளர் மெதுவாக.

"சார்?"

"உங்க மச்சினன் இதுக்கு வரட்டும்."

"புது வண்டிக்கு ஏதாவது பயிற்சி..."

"அதெல்லாம் வேணாம். போய் உக்காருங்க, போதும்."

அனுபவத்துக்கு மரியாதை என்றால் இதுதான்! ஓட்டுநர் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தார்.

மனைவி அவருடைய சீருடையை இரண்டு முறை இஸ்திரி போட்டாள். மச்சினன் இனிப்புப் பெட்டியோடு வந்து, வாசலிலேயே அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி அத்தான்! இந்த உதவியை உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

குத்திக் காட்டுகிறான் என்று ஓட்டுநர் நினைத்தார். மனைவி சமையலறைக்குள் அவரை இழுத்துப்போய்க் காதோடு சொன்னாள். "பாவங்க, துக்கத்தை வெளியில காட்டாம சிரிக்கிறான்."

ஜெயித்தவருக்குத் தாராளம் தானாக வரும். கதவை எங்கே உதைப்பது, பாலத்துக்கு எங்கிருந்து வேகம் எடுப்பது, பிரேக்கை எந்த இடத்திலிருந்து தடவ ஆரம்பிப்பது என்று எல்லாவற்றையும் மச்சினனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவன் பசித்தவன் சோற்றைப் பார்ப்பதுபோல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லி முடித்தபோது ஓட்டுநருக்கு ஏனோ நெஞ்சு கொஞ்சம் கனத்தது.

காலையில் மாப்பிள்ளை வண்டியில் ஏறினார். கறுப்புக் கண்ணாடி. சுழலும் நாற்காலி. கண்ணைப் பறிக்கும் விளக்குகள். நடுவில் பளபளவென்று ஒரு கைப்பிடி. துப்புரவுப் பணிப்பெண் ஓரமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கைப்பிடியில் கை வைத்து, மெல்ல இழுத்தார். வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. ஆகா!

பாராட்டைக் கேட்பதற்காக அறைக்கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தார். எதிர்பார்த்தது உடனே வந்தது.

"எவ்வளவு பதமா எடுக்கிறார் பாத்தீங்களா? கை அப்படி!"

எதிர்த் தண்டவாளத்தில் இருமல் நின்றுகொண்டிருந்தது. மச்சினன் இறங்கி, சட்டை கசங்க, வியர்த்து வழிய நடுக்கதவை உதைத்துக்கொண்டிருந்தான். மூன்றாவது உதையில் கதவு மூடியதும் டீச்சரம்மாவும் நர்ஸம்மாவும் கண்ணாடிக்கடைக்காரரும் கை தட்டினார்கள். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஓட்டுநருக்கு வயிறு மறுபடியும் லேசாக எரிந்தது. ஏனென்று அவருக்கே விளங்கவில்லை.

வளைவு வந்தது. கை தானாகப் பிரேக்குக்குப் போனது. கைப்பிடியைத் தள்ளினார். வண்டி தன் பாட்டுக்குப் போயிற்று. பதறிப்போய் முழுதாகத் தள்ளினார், இழுத்தார், திருகினார். அதற்குள் வண்டி தானே வேகம் குறைத்து, அழகாகத் திரும்பி, அடுத்த நிறுத்தத்தில் வந்து நின்றது.

பணிப்பெண் துணியைப் பிழிந்துவிட்டு, மச்சினன் விட்டுப்போன குறுக்கெழுத்துப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"அந்தக் கைப்பிடியை விட்டுருங்க சார், அது சும்மா பேருக்கு. வண்டி தானாத்தான் ஓடும். முன்னாடி ஆள் இல்லன்னா சனம் ஏறப் பயப்படும்னு, வேற எந்த வண்டியையும் நம்பிக் குடுக்க முடியாத டிரைவராப் பாத்து இங்க உக்கார வைக்கிறாங்க."