ஜம்புலிங்கத்தின் இஸ்திரி விரதம்

போன் மூன்றாவது முறை அடித்தபோது ஜம்புலிங்கத்தின் ஒரு கையில் கரி இஸ்திரிப் பெட்டி, மறு கையில் யாருடைய பட்டுப் புடவையோ.

"எங்கங்க இருக்கீங்க?" என்றாள் மனைவி ஸ்ரீரஞ்சனி.

"ஆபீஸ்லதான். ஆடிட்டு."

பதற்றத்தில் தண்ணீரைப் பெட்டியின் மேலேயே தெளித்துவிட்டார்.

"என்ன சுர்ருன்னு சத்தம்?"

"கேன்டீன்ல தோசை ஊத்துறாங்க."

"ஆடிட்டு கேன்டீன்லயா நடக்குது?"

"இல்ல... முரளிக்குப் பசி. துணைக்கு வந்தேன்."

"முரளி அண்ணன் நம்ம சோபாவுல உக்காந்து காபி குடிக்கிறாரே!"

"இது வேற முரளி," என்று போனை அணைத்தார். காது மடல் சுட்டது. சீ, நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் ஒரு பிழைப்பா!

குடி, சீட்டு எதுவும் கிடையாது பாவம். ரத்தக் கொதிப்புக்கு டாக்டர், "மனசுக்குப் பிடிச்சதா ஏதாவது செய்யுங்க" என்றார். புனே சாங்வியில் மற்றவர்கள் சைக்கிள், மலையேற்றம் என்று கிளம்ப, இவருக்குப் பிடித்துத் தொலைத்தது இஸ்திரி. முதலில் கொதிப்பு இறங்கத்தான் செய்தது. அப்புறம் துண்டு, தலையணை உறை, கால்மிதி வரை தேய்த்தார். மகள் தீப்தி பள்ளி மேடையில் பரிசு வாங்கிய நேரத்தில், அப்பா வீட்டில் திரைச்சீலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றே ஸ்ரீரஞ்சனி வீட்டுப் பெட்டியைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாள். "இன்னொரு தடவை தொட்டீங்க, தீப்தியைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்!"

மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அது பதினோரு நாள் தாங்கியது. இப்போது தினமும் மாலை, தெருமுனை இஸ்திரிக் கடை ஷபானாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஊரார் துணியை ஓசியில் தேய்க்கிறார். வெட்கக்கேடு!

"சாப், வீட்டுக்குப் போங்க," என்றாள் ஷபானா. பக்கத்துக் கட்கியில் தமிழர்களோடு வளர்ந்தவள், தமிழ் நன்றாக வரும்.

"இந்த ஒண்ணு மட்டும்மா." அரக்குப் பட்டு, மாங்காய்க் கரை. மேலே வேட்டியை விரித்து அழுத்தினார். "யாரு வீட்டுது? வருஷக்கணக்கா ஒரே மடிப்புல போட்டு வெச்சிருக்காங்க. பட்டோட அருமை தெரியாத ஜென்மம்!"

ஷபானா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேய்த்து முடித்து நீட்டினார். கண் கலங்கிவிட்டது. "நாளையிலேர்ந்து வரமாட்டேன். பொண்டாட்டி முகத்துல முழிக்கவே கூசுது."

ஷபானா புடவையை வாங்கிப் பையில் வைத்தாள்.

"இது உங்க கல்யாணப் புடவை சாப். அவருக்கு அடையாளம் தெரிஞ்சா ஆளையும் சேர்த்து அனுப்பு, தெரியலைன்னா புடவையை மட்டும் அனுப்புன்னு உங்க வீட்டு பாபி சொல்லியிருக்காங்க."