லிஃப்ட்காரரின் கோட்டை

இந்தத் தடவை 'முடியாது' என்று சொல்லியே தீருவது என்று லிஃப்ட்காரர் முடிவெடுத்தார். எங்கே வைத்து எடுத்தார் தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில், கையெல்லாம் கிரீஸோடு. அவ்வளவு உயரத்தில் எடுத்த முடிவு வீட்டு வாசலுக்கு இறங்கி வருவதற்குள் என்ன கதியாகும் என்பது அவருக்கே தெரியும். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிற மெக்கானிக் அவர். வீட்டுக்குள் காலை வைத்தால் இறக்கம் மட்டும்தான்.

விஷயம் சின்னது. சின்ன அறை. வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல், ஒரு மேஜை, உள்ளே ஒரு தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளுக்காக அவர் உயிரையே விடுவார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து அதைப் போட்டுக்கொண்டால் அப்புறம் அவர் மெக்கானிக் இல்லை, மாமன்னர்.

ஒரு காலத்தில் நண்பர்கள் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய ஆட்டம் அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அரசன், திருடன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, "நான் கதவை உடைக்கிறேன்" என்பார்கள். உடைந்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் கதவு உடையும், சின்ன எண் விழுந்தால் தோள்பட்டை உடையும். நாளடைவில் ஒருவருக்கு மாற்றல் வந்தது, ஒருவருக்கு முதுகுவலி வந்தது, ஒருவருக்குக் கல்யாணம் வந்தது. இவர் ஒண்டியானார். அதனால் இப்போது வீட்டு டேப்லட்டில் இருக்கிற சாட்பாட்தான் கதைசொல்லி, எதிரி, படை, குதிரை எல்லாம். இவர் வாயால் சொல்வார், அதுவும் வாய்விட்டுப் பதில் சொல்லும். பகடையை மட்டும் இவரே உருட்டி, விழுந்த எண்ணைச் சொல்ல வேண்டும். அதற்கு இவர் மேஜை கண்ணுக்குத் தெரியாது, பாவம், சொன்னதை நம்பிக்கொள்ளும். பகடையை இவர் யாரிடமும் கொடுப்பதில்லை, சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்.

இந்தச் சாம்ராஜ்யத்துக்குத்தான் அவர் மனைவி அம்மணி வேட்டு வைத்தாள்.

அம்மணிக்குப் பல்செட் செய்கிற கூடத்தில் வேலை. பல் டாக்டர் அச்செடுத்து அனுப்பினால், இவள் மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பளபளவென்று தேய்த்து அனுப்புவாள். அவள் செய்த பல்லைக் கட்டியவர்கள் கல்லைக்கூடக் கடிப்பார்கள் என்று பேர்.

"ஏங்க, நான் கூடத்து வேலையை விட்டாச்சு. அந்த மங்கல் விளக்குல கண்ணே போயிடும் போலிருக்கு. இனிமே வீட்லயே தனியா செய்யப் போறேன். சின்ன அறையை ஒழிச்சுக் கொடுத்துடுங்க."

"எந்தச் சின்ன அறை?"

"நம்ம வீட்ல எத்தனை சின்ன அறை இருக்கு?"

"இல்ல... அது... எனக்கு..."

"உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் நல்லா வருமான்னு கேட்டேன்."

"வரும்."

அவ்வளவுதான். பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். இவருக்கு அத்தனை பல்லும் இருக்கும்போதே சொல்லு போச்சு.

அதனால்தான் அந்த மொட்டைமாடி முடிவு. ஆனால் 'முடியாது' என்பது அவர் வாய்க்குப் பழக்கமில்லாத சொல். பழக வேண்டும். எங்கே பழகுவது? நேரே வந்து தாழ்ப்பாளைப் போட்டார், டேப்லட்டைத் திறந்தார்.

"கேட்டுக்கோ. தந்த நாட்டு ராணி என் கோட்டையோட பின்பக்கக் கோபுரத்தைக் கேட்டு வர்றா. நான் முடியாதுன்னு சொல்லணும். ராணியை லேசா நினைச்சுடாதே! கத்த மாட்டா, அழ மாட்டா. கேட்டுட்டுப் பேசாம இருப்பா. பேசாம இருந்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துடும். அதுக்கு மேல 'பரவாயில்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னான்னா நாட்டையே கொடுத்துடுவேன். அப்படிப்பட்ட ராணியா அனுப்பு."

"உத்தரவு, மன்னா" என்றது அது. அனுப்பியது. ராணி வந்தாள், கேட்டாள், பேசாமல் நின்றாள். "பரவாயில்லை, மன்னா" என்றாள். மாமன்னர் கோபுரத்தைக் கொடுத்து, கூடவே இரண்டு யானையும் கொடுத்தனுப்பினார்.

இது சரிப்படாது என்று பகடையைக் கையில் எடுத்தார். தைரியத்துக்கு ஒரு உருட்டு. நாலு விழுந்தது. "மேஜை விளிம்புல பட்டுடுச்சு, செல்லாது." மறுபடி உருட்டினார். ஏழு. "ஃபேன் காத்து." அடுத்த தடவை பகடையை உருட்டுகிற சிரமமே வைத்துக்கொள்ளவில்லை. "இருபது!" என்றார்.

"அற்புதம், மன்னா! உங்கள் கர்ஜனையில் கோட்டைச் சுவரே அதிர்கிறது!"

அடேயப்பா, என்ன சுகம்! அதற்கப்புறம் பகடைக்கு ஓய்வு. வாயிலேயே இருபது இருபதாக விழுந்தது. "ராணியே! முடியாது! முடியவே முடியாது!" என்று அவர் போட்ட சத்தத்தில் தந்த நாட்டு ராணி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

கதவு தட்டப்பட்டது.

"யாருங்க உள்ளே? யார்கிட்ட கத்துறீங்க?"

"லிஃப்ட் விஷயமா ஃபோன்!"

"லிஃப்டையா ராணின்னு கூப்பிடுறீங்க?"

"அது... மாடல் பேரு!"

நாளைக்கு அம்மணியிடமே சொல்லிவிடலாம் என்ற தெம்போடு தூங்கப் போனார்.

மறுநாள் சாயங்காலம் கடைசியாக ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று டேப்லட்டைத் திறந்தால், அது சொல்கிறது: "வாருங்கள், மன்னா. பாத்திரம் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது."

"என்ன பாத்திரம்?"

"கோட்டைச் சமையலறைப் பாத்திரம். தோற்றவர் கழுவ வேண்டும் என்பது உடன்படிக்கை."

"யாரு தோத்தது? நேத்து ராணி ஓடியே போயிட்டாளே!"

"இன்று மதியம் திரும்பி வந்தாள். கோபுரத்தைக் கொடுத்துவிட்டீர்கள். அலமாரி மாட்டித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தீர்கள்."

"மதியம் நான் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு அடியில உட்கார்ந்திருந்தேன்!"

"அந்தப் படலம் நம் கதையில் இல்லையே, மன்னா."

லிஃப்ட்காரருக்குத் தலை கிறுகிறுத்தது. டேப்லட்டை அணைத்துப் போட்டார். மறுபடி பாத்திரம்! தலைகீழாகப் பிடித்து உதறினார். அப்போதும் பாத்திரம்! மதியம் நாம் எங்கே இருந்தோம்? லிஃப்டுக்கு அடியிலா, கோட்டையிலா? கையை மோந்து பார்த்தார். கிரீஸ் வாசனைதான். அப்படியானால் கோபுரத்தைக் கொடுத்தது யார்? தனக்குள்ளே தனக்குத் தெரியாமல் இன்னொரு இளிச்சவாயன் குடியிருக்கிறானோ? ஒரு ஆளுக்கே அறை போதவில்லை, இதில் இன்னொருவன் வேறா?

யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். படியேறி மேல் வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரரிடம் போனார்.

"சார், என் கோட்டை போச்சு சார்."

"இடம் வாங்கியிருந்தீங்களா? சொல்லவே இல்லையே!"

"இடமில்ல சார். ஒரு ராணி வந்து பிடுங்கிக்கிட்டா."

டிரைவிங் ஸ்கூல்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். "எத்தனை நாளா?"

"நேத்துதான் சார் வந்தா. நான்தான் வரவழைச்சேன்."

"அடக் கடவுளே! வீட்ல தெரியுமா?"

"தெரியாது சார். கதவைத் தாழ் போட்டுக்கிட்டுத்தான்..."

"போதும், நிறுத்துங்க! நான் பிள்ளைகுட்டிக்காரன். பிரேக்கைப் போடுங்க சார், பிரேக்கை! நேரா கீழே போய் வீட்டுக்காரம்மாகிட்ட பேசிடுங்க. இப்பவே!"

இவர் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று லிஃப்ட்காரருக்கு அதுவும் விளங்கவில்லை. ஆனால் யோசனை நல்ல யோசனை. கோட்டை போனால் போகிறது, அறையையாவது காப்பாற்ற வேண்டாமா?

வீட்டு முன்னறையில் அம்மணி ஒரு மேல்வரிசைப் பல்லை மடியில் வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். டேப்லட் அவள் பக்கத்தில் கிடந்தது.

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏம்மா... சின்ன அறை... தர முடியாது."

சொல்லிவிட்டார்! இடி விழவில்லை. கண்ணைத் திறந்தார். அம்மணி நிமிரவில்லை, பேசவில்லை. பிரஷ் மட்டும் சர் சர் என்று ஓடியது. உள்ளங்கை வேர்த்தது. பல்வரிசை அவரைப் பார்த்து இளித்தது.

"பரவாயில்லைங்க" என்றாள்.

"அலமாரியை எந்தச் சுவத்துல மாட்டணும்?" என்று கேட்டது இவர் வாய். கேட்ட பிறகுதான் திடுக்கிட்டார். அலமாரி! பரவாயில்லை!

"நீயா! நீதானா அந்த ராணி?"

"டேப்லட் வீட்டுக்குப் பொதுதானே? மெழுகு எங்க கிடைக்கும்னு கேட்கலாம்னு மதியம் திறந்தேன். 'வருக மன்னா'ன்னுச்சு. நான் மன்னன் இல்ல, ராணின்னேன். அப்ப மன்னரா நான் பேசறேன்னு அதுவே ஆரம்பிச்சுடுச்சு. அச்சு அசல் உங்களை மாதிரியே! 'அது... எனக்கு...'ன்னு இழுக்குது. இவரை எப்படி வழிக்குக் கொண்டு வர்றதுன்னு கேட்டேன். அப்படியே ஒப்பிச்சுடுச்சு. நீங்கதான் எல்லாத்தையும் அதுகிட்ட சொல்லி வச்சிருக்கீங்களே! இத்தனை வருஷமா உங்ககிட்ட பேசிப் பேசியே தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு. பேசாம இருந்தா போதும்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"ஆனா பகடை என் பையிலதானே இருந்துச்சு? நீ எதை உருட்டினே?"

"அதெல்லாம் பார்த்துக்கிட்டேன்."

லிஃப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தத் தாழ்ப்பாள் அவர் கண் முன்னால் வந்து நின்றது.

"அப்ப ஒரே ஒரு ஆட்டம். நேருக்கு நேர். நான் ஜெயிச்சா அறை எனக்கு."

"நான் ஜெயிச்சா?"

"அலமாரி மாட்டறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

"சரி. போடுங்க."

டேப்லட் சாட்சி. "கோட்டைக்கான இறுதிப் போர்! பகடைகள் பேசட்டும்!" என்று அது முழங்கியது. லிஃப்ட்காரர் உருட்டினார். மூணு.

"விளிம்புல பட்டுடுச்சு, செல்லாது."

"பரவாயில்லை, மறுபடி போடுங்க."

அஞ்சு. "ஃபேன் காத்து." அம்மணி எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு வந்தாள். அடுத்தது எட்டு. "கை வேர்த்திருக்கு." துண்டை எடுத்துக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து உருட்டினார். பகடை சுற்றியது, சுற்றியது, நின்றது. பத்தொன்பது!

"பத்தொன்பது! பத்தொன்பது!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குதித்தார். "அறை என்னுது! இனிமே உன்னால ஒண்ணும் பண்ண முடியாது!"

அம்மணி பகடையை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் வேலைச்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டேப்லட் பக்கம் குனிந்து சொன்னாள்:

"இருபது."

"அநியாயம்! நீ உருட்டவே இல்லையே!"

"நேத்து உள்ளே இருபது இருபதுன்னு கத்தினீங்களே, அதெல்லாம் உருட்டியாங்க சொன்னீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் டேப்லட் முந்திக்கொண்டது. "அற்புதம், ராணியே! கோட்டை உங்களுடையது! மன்னா, பாத்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சுவரில் ஓட்டையைப் போடுங்கள்."