மாமனாரின் துப்பாக்கிக்கு நான் போட்ட எண்ணெய்

எனக்கு வேதியியல் தெரியும் என்று நான் கடைசியாக நம்பியது எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான மூன்றாம் மாதம். அதற்கப்புறம் முப்பது வருடம் அதே பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் நடத்தினேன் என்பது வேறு விஷயம்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன மாமனார் வூட்டில் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. காட்டுப்பன்றியிடமிருந்து நிலக்கடலையைக் காப்பாற்றுவதற்காக லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி. நடுக்கூடத்தில் மாதா படத்துக்கு இடது பக்கம் தொங்கும். வருகிறவர்கள் முதலில் மாதாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள், அடுத்து துப்பாக்கியைப் பார்த்து மாமனாருக்கு மரியாதை கொடுப்பார்கள்.

மாமனார் பெயர் சவரிமுத்து. துப்பாக்கியை அவர் சுத்தம் செய்யும் முறை எளிமையானது. குழலில் வெந்நீர் ஊற்றுவார், துணி கட்டிய குச்சியால் துடைப்பார், கொஞ்சம் மண்ணெண்ணெய், கடைசியில் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் நாலு சொட்டு. இருபது வருடமாக அந்தத் துப்பாக்கி ஒரு குறையும் சொன்னதில்லை.

அந்தப் பங்குனியில் மெஷின் எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. "டவுனுக்குப் போறப்ப வாங்கிக்கலாம்" என்றார் மாமனார். நான் சும்மா இருந்திருக்கலாம். (இந்த வாக்கியத்தை என் கல்லறையில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.)

"எதுக்கு மாமா வாங்கணும்? வூட்டுலயே செஞ்சுடலாம். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி" என்றேன்.

அந்த வூட்டில் அதுவரை யாரும் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டியதில்லை. மாமனார் இரண்டு கையாலும் துப்பாக்கியை எடுத்து, குழந்தையைக் கொடுப்பதுபோல் என் மடியில் வைத்தார்.

முதல் கட்டம் பிரமாதமாக நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊறுகாய் பாட்டிலில் மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் கலந்து, வாசனைக்கு இரண்டு கற்பூரத்தைப் பொடித்துப் போட்டேன். அதைத் துணியில் நனைத்துக் குழலுக்குள் விட்டு இழுத்தால், இருபது வருடக் கரி கரகரவென்று வந்தது. குழலின் வழியே வானத்தைப் பார்த்த மாமனார், "ஏம்மா பிலோமி, கண்ணாடியாட்டம் இருக்குதும்மா!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் தலை பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

அடுத்தது உராய்வைக் குறைக்கும் எண்ணெய். நல்லெண்ணெய் போட்டால் எறும்பு வரும் என்று ஒதுக்கினேன். விளக்கெண்ணெய் ரொம்ப கெட்டி. கொட்டகையில், எங்கள் கல்யாணக் கட்டிலுக்குப் பாலிஷ் போட வந்த ஆசாரி விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய் அரை பாட்டில் இருந்தது. மரத்துக்கே இவ்வளவு பளபளப்பு கொடுக்கும் எண்ணெய் இரும்புக்கு எவ்வளவு கொடுக்கும்! இன்னும் நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று அதைக் காய்ச்சி வேறு ஊற்றினேன். மடக்கும் இடம், திறக்கும் கொண்டி, குழல் சேருமிடம், ஒரு இடுக்கு விடவில்லை.

காய்கறி லாரி ஓட்டிவிட்டு வந்த என் வூட்டுக்காரர் மட்டும் பாட்டிலை முகர்ந்து பார்த்து, "இது கதவுக்குப் போடுறதாச்சே?" என்றார்.

"உங்களுக்கு கெமிஸ்ட்ரி தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்று ஒப்புக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

நாலு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. இரும்பு எண்ணெயைக் குடித்துவிட்டது, பாவம், தாகமாக இருந்திருக்கிறது என்று இன்னொரு முறை பூசினேன். அடுத்த வாரமும் குடித்திருந்தது. மறுபடியும் பூசினேன். வெயில் காலம், காட்டில் பயிர் இல்லை, துப்பாக்கிக்கும் வேலை இல்லை. அது பாட்டுக்குச் சுவரில் தங்க நிறமாகத் தொங்கியது. மாமனார் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சித்திரையில் லைசென்ஸ் புதுப்பிக்கத் துப்பாக்கியைத் தாலுகா ஆபீசில் காட்ட வேண்டும். எனக்கும் அங்கே வேலை இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி. படிப்பில் சேர தாசில்தார் கையெழுத்திட்ட சான்றிதழ் தேவை. எனவே மாமனார், நான், வேட்டித்துணியில் சுற்றிய துப்பாக்கி, மூவருமாக தர்மபுரி பஸ் ஏறினோம்.

தாசில்தார் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். துப்பாக்கியைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். "நல்லா வச்சிருக்கீங்களே!"

"எங்க மருமவ வேலைங்க ஐயா. பி.எஸ்ஸி." என்றார் மாமனார்.

"நல்லது. தொறந்து காட்டுங்க. உள்பக்கம் நம்பரைப் பாக்கணும்."

மாமனார் கொண்டியைத் தள்ளினார். அது நகரவில்லை. சிரித்துக்கொண்டே மறுபடி தள்ளினார். சிரிப்புதான் நகர்ந்தது. அடிக்கட்டையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குழலைப் பிடித்து அழுத்தினார். துப்பாக்கி திரும்பியது. அதன் வாய் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. டைப்பிஸ்ட் அம்மா மேஜைக்கு அடியில் போனார். தலைமை எழுத்தர் ஒரு கோப்பை விரித்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள தோட்டா இருக்குதா?" தாசில்தாரின் குரல் இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"இல்லீங்க ஐயா. சத்தியமா இல்லீங்க."

"அப்ப தொறந்து காட்டுங்க!"

"அதுதானுங்க வரமாட்டேங்குது!"

இந்த உரையாடல் இதே வரிகளில் மூன்று முறை நடந்தது. நாலாவது முறை தாசில்தார், "போலீசைக் கூப்பிடுங்கய்யா" என்றார்.

லைசென்ஸ் போனால் ஆடியில் விதைக்கும் கடலை முழுக்கப் பன்றிக்குத்தான். அதைவிட மாமனாரின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அவர் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்து, வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "தப்பு என்னுதுங்க. வயசாயிடுச்சு. எதையோ எடுத்துத் தடவிட்டேன்."

சற்றுமுன் என் பெருமையைச் சொன்ன மனிதர், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"இல்ல சார், நான்தான். ஆளிவிதை எண்ணெய் போட்டேன். காய்ச்சிப் போட்டேன். மூணு தடவை."

பீரோவுக்குப் பின்னாலிருந்து கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது. "நானும் கெமிஸ்ட்ரிதாம்மா படிச்சேன். ஆளிவிதை எண்ணெய் எந்த வகை?"

தேர்வறையில் நிற்பதுபோல் நிமிர்ந்தேன். "உலரும் எண்ணெய், சார்."

"காத்துல வச்சா என்ன ஆகும்?"

"ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு கெட்டியான படலமா இறுகும், சார்." சொல்லும்போதே எனக்குக் காது வரை எரிந்தது. பத்து மார்க் கேள்வி. கல்லூரியில் படம் போட்டு எழுதியிருக்கிறேன்.

"இறுகிடுச்சு. நூத்துக்கு நூறு" என்றார் தாசில்தார்.

டைப்பிஸ்ட் அம்மா மேஜைக்கடியிலேயே சிரித்தார். "எது இளக்கும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. டர்பன்டைன் என்றேன். எதிர்த்த பெயிண்ட் கடையிலிருந்து ஒரு புட்டி வந்தது. வராந்தாவில் உட்கார்ந்து, துப்பாக்கி வாயைப் புளியமரத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் துணியால் தேய்த்தேன். மனுக் கொடுக்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள். வந்த போலீஸ்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த மூலையில இன்னும் இருக்குதும்மா" என்று இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணி வாக்கில் 'டக்' என்று ஒரு சத்தம். துப்பாக்கி இரண்டாக மடிந்தது. உள்ளே தோட்டா இல்லை. மாமனார் முதல் முறையாக உட்கார்ந்தார்.

லைசென்ஸ் கிடைத்தது. என் மனுவையும் தாசில்தார் எடுத்தார். "டீச்சராகப் போறீங்களா? என்ன பாடம்?"

"வேதியியல், சார்."

பேனாவை எடுத்தவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பஸ் பாலக்கோடு தாண்டியதும் மாமனார் மெதுவாகச் சொன்னார்: "துப்பாக்கியைத் தொடாதேன்னு சொல்லமாட்டேன் பிலோமி. அந்தப் பாடத்தை மட்டும் இன்னொருக்கா படிச்சுடு." அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஊருக்குப் போனதும் அவரே எல்லோருக்கும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது இறுகிக்கொண்டாலும் அது 'பி.எஸ்ஸி. ஆயிடுச்சு'. டப்பா மூடி, அலமாரிப் பூட்டு, மழைக்கு ஊறிய கதவு, பேரனின் பெட்டி ஜிப், எல்லாம் பட்டதாரிகள். போன மாதம் குளியலறைக் குழாய் திறக்கவில்லை. குழாய் ரிப்பேருக்கு வந்த பையனிடம் என் வூட்டுக்காரர் பழக்கதோஷத்தில், "பைப் பி.எஸ்ஸி. ஆயிடுச்சுப்பா, பாரு" என்றார்.

அவன் குழாயைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கையிலிருந்த ஸ்பேனரைத் தயக்கத்தோடு கீழே வைத்தான்.

"நான் ஐ.டி.ஐ.தானுங்க சார். பரவாயில்லீங்களா?"