செட்டிங்ஸ் பாயும் ஆறு ஸ்பீக்கரும்

லப்பைக்குடிக்காட்டில் செட்டிங்ஸ் பாய் கை வைக்காத டிவி கிடையாது. அவர் கை வைத்து மறுநாளும் ஒழுங்காக ஓடிய டிவியும் கிடையாது. வாத்தியார் வேலைக்காக அந்த ஊரில் குடியிருந்த காலத்தில், அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே என் மனைவி ரிமோட்டை அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடுவாள்.

பாய் சவுதியில் தம்மாம் நகரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் பெட்டி தூக்கியவர். ஊர் திரும்பியதும், டிஸ்க் போட்டுப் படம் பார்க்கிற ப்ளூ-ரே பிளேயரை அவரைக் கேட்டுத்தான் செய்கிறார்கள் என்கிற தோரணை வந்துவிட்டது. எந்த வீட்டில் நுழைந்தாலும் ஸலாம் சொன்ன கையோடு, "ரிமோட்டு எங்க?" என்பார். சட்டைப் பையில் ஒரு பென் டார்ச். டிவிக்குப் பின்னால் இருக்கும் வயர்களை, பல் டாக்டர் வாய்க்குள் பார்ப்பதுபோல டார்ச் அடித்துப் பார்ப்பார்.

அவர் கொள்கை ஒன்றுதான். மெனுவில் எது பெரிய எண்ணோ அதுவே நல்லது. ஒருநாள் எங்கள் வீட்டில், பழைய டிவி தாங்குமா என்று யோசிக்காமல் பிளேயரில் படத் தெளிவின் அளவை உச்சத்தில் வைத்தார். திரை கறுத்துவிட்டது.

"என்ன பாய், ஒண்ணுமே தெரியலியே?"

"குவாலிட்டி ஏறிடுச்சு சார். ஒங்க டிவிக்குத்தான் காட்டத் தெரியல."

ஏற்றியதை இறக்குவது அவருக்கு மானப் பிரச்சினை. நான்தான் புது டிவி வாங்க வேண்டியிருந்தது.

வளைகுடாவிலிருந்து வரும் சில பிளேயர்களில் மெனு அரபியில் இருக்கும். பாய்க்கு அரபி எழுத்துக்கூட்டி ஓத வரும், அர்த்தம் தெரியாது. எங்கள் தெரு காதர் பாய் குவைத்திலிருந்து தன் வீட்டுக்கு அனுப்பிய பிளேயரில், ஆடியோ அவுட்புட் பக்கத்தை நீட்டி முழக்கி வாசித்தார். உள்ளே இருந்த பெண்கள் குர்ஆன் ஓதுகிறார் என்று நினைத்து பயபக்தியோடு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் காதர் பாயின் மனைவி ஜைனபு, "ஸ்பீக்கர் கணக்குக்கா இம்புட்டு நேரம் முக்காடு போட்டுட்டு நின்னோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

செட்டிங்ஸ் பாய் அசரவில்லை. அவருக்குப் புரிந்தது எண்கள் மட்டும்தான். "ஆறு ஸ்பீக்கர் இருக்கு, எதுக்கு ரெண்டு?" என்று பெரியதில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டில் இருந்ததோ இரண்டே ஸ்பீக்கர் பெட்டிகள்.

மகள் பரீதாவின் கல்யாணத்துக்கு காதர் பாய்க்கு லீவு கிடைக்கவில்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் தம்பி நின்று நிக்காஹ் முடிந்தது. ஃபோனில் அவர் துண்டு துண்டாகப் பார்த்ததோடு சரி. மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்ட உள்ளறைக்குப் போனது, ஸ்டுடியோவிலிருந்து வந்திருந்த பெண்ணின் கேமரா மட்டும். தியேட்டர் சவுண்டெல்லாம் சேர்த்து வந்த அந்த டிஸ்க்கை, அத்தா வரட்டும் என்று யாரும் பிரிக்கவே இல்லை.

அவர் விடுமுறையில் வந்த அன்று சாயங்காலம் தெருவே அங்கே கூடியது. எந்த வீட்டில் பிளேயர் ஓடினாலும் வந்துவிடுகிற செட்டிங்ஸ் பாயும் முதல் வரிசையில் இருந்தார். உள்ளறைக் காட்சி வந்தது. சித்தப்பாவின் உதடு அசைகிறது. பரீதாவின் உதடு அசைகிறது. பெட்டிகளில் கேட்டதோ பந்தியில் தட்டு வைக்கிற சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும்தான்.

"தட்டு சத்தமெல்லாம் கேக்குது. எம் புள்ள குரல் மட்டும் கேக்கலியே," என்றார் காதர் பாய்.

செட்டிங்ஸ் பாய் டார்ச்சோடு டிவிக்குப் பின்னால் போனார். வெளியே வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போவுது காதரு. ஒங்க வூட்டுல அது கெடையாது. அன்னிக்கு நாந்தான் பெருசா வச்சிட்டுப் போயிட்டேன்."

பிஸ்மில்லாஹ் சொல்லி ரிமோட்டை வாங்கினார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக ஓர் எண்ணைக் குறைத்து, இரண்டில் வைத்துக் காட்சியைத் திருப்பி ஓட்டினார்.

"சம்மதம்," என்றாள் பரீதா. மெல்லிய குரல், ஆனால் அறை முழுக்கக் கேட்டது.

காதர் பாய் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "இன்னொரு வாட்டி போடுங்க."

செட்டிங்ஸ் பாய் போட்டார். கேட்கக் கேட்க அதே இடத்தைப் போட்டுக்கொண்டே இருந்தார். வேறு ஒரு பட்டனையும் தொடவில்லை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நான் இப்போது அரியலூரில் இருக்கிறேன். வீட்டில் படமும் சத்தமும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. பாய் ஒருநாள் வந்து எதையாவது ஏற்றிக் கெடுத்துவிட்டுப் போனால் தேவலை என்றிருக்கிறது.