குப்புற விழுந்த பழுப்பு உறை

கதவின் கடிதத் துளை வழியாக ஒரு பழுப்பு உறை வழுக்கி வந்து கால்மிதியில் குப்புற விழுந்தது. டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ட்ரெவர் ஹேவொர்த்தின் கை அப்படியே நின்றுவிட்டது. உறையின் முதுகில் உதவித்தொகை அலுவலகத்தின் பெயர் அச்சாகியிருந்தது. அதற்கு மேல் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

ஆல்மா தெருவில் வெள்ளை உறையில் விளம்பரம் வரும். கலர் உறையில் பிறந்தநாள் வாழ்த்து வரும். பழுப்பில் வருவது வில்லங்கம் மட்டும்தான்.

ட்ரெவருக்குப் பயம் இரண்டு. எட்டு வருடம் முன்பு லாரியில் பெட்டி ஏற்றும்போது அவர் முதுகு போனது. அன்றிலிருந்து அரசாங்கம் கொடுக்கும் பணத்தில்தான் வீடு பாதி ஓடுகிறது. வலி பொய்யில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் வலி கொஞ்சம் இறங்கும்; அன்றைக்குக் குப்பைத்தொட்டியை அவரே தெருவுக்கு இழுத்துப் போவார். அந்த இரண்டு நாளை எவனாவது பார்த்து எழுதிக்கொடுத்தால் மற்ற ஐந்து நாளும் நடிப்பாகிவிடும்.

இரண்டாவது பயம் அவர் வாராவாரம் போகும் கிளப்பைப் பற்றியது. அங்கே எல்லோரிடமும் "பழைய கம்பெனி பென்ஷன்" என்று சொல்லிவைத்திருந்தார். அதோடு நிற்காமல், வியாழக்கிழமை விவாதத்தில் அரசாங்கக் காசை வாங்கித் தின்பவர்களை எல்லோரையும்விட உரக்கத் திட்டுவதும் அவர்தான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பார்களே, அந்த வகை.

மாடியில் மனைவி லொரெய்ன் நடக்கும் சத்தம் கேட்டது. ட்ரெவர் டோஸ்ட் எடுக்கும் இடுக்கியால் உறையைப் பிடித்து, திருப்பாமலே கொண்டுபோய்க் கருவிப்பெட்டியின் அடியில் வைத்தார். அந்த வீட்டில் கருவிப்பெட்டியைத் திறப்பவர் அவர் ஒருவர்தான், அதுவும் வருடத்துக்கு ஒருமுறை.

லொரெய்ன் இறங்கி வந்தாள்.

"ட்ரெவர், வாசக்கதவு நம்பர்ல மேல் ஸ்க்ரூ விழுந்து, தலைகீழாத் தொங்குது. பத்து நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"பாக்கறேன்."

"பாக்கறதுக்கு அதுல என்ன படமா ஓடுது? ஸ்க்ரூ டிரைவரை எடு."

"இன்னிக்கு முதுகு சரியில்லை."

"இப்பத்தானே குளியலறையில பாடினே?"

"பாடறது தொண்டை. முதுகு வேற டிபார்ட்மெண்டு."

லொரெய்ன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "தபால் வந்துச்சா? நம்ம தபால்காரர் லீவு. புதுசா ஒரு பொண்ணு வருது, பாவம், ஓட்டமா ஓடுது."

"ஒண்ணும் வரலை," என்றார் ட்ரெவர். முதல் பொய் அது.

ஒரு வாரம் கழித்துத்தான் அவர் எதிர்வீட்டைக் கவனித்தார். ஆறாம் நம்பருக்கு இரண்டு மாதம் முன்பு குடிவந்த நெவில் என்ற ஒல்லியான மனிதர், காலையில் சரியாகப் பத்து மணிக்கு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். ட்ரெவரின் வாசலைப் பார்த்தார். நோட்டுப்புத்தகத்தில் ஏதோ எழுதினார். திரைச்சீலையை விட்டார்.

மறுநாளும் பத்து மணி. மறுநாளும் நோட்டு.

கடிதத்துக்குப் பதில் போடாதவனை வேவு பார்க்க ஆள் அனுப்புவார்களாம். கிளப் நண்பர் மால்கம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு, "அனுப்பட்டும், நல்லா அனுப்பட்டும்!" என்று மேஜையைத் தட்டியவரும் ட்ரெவர்தான்.

அன்று மதியமே பழைய சாமான் விற்கும் தர்மக்கடையில் ஒரு கைத்தடி வாங்கினார். அதுவரை கைத்தடி பிடித்துப் பழக்கமில்லை. போகும்போது வலது கை, வரும்போது இடது கை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி நொண்டியதில் நடைபாதை விளிம்பு தெரியாமல் தடுக்கி, பக்கத்து வீட்டு ரோஜாச் செடிமேல் விழுந்தார். இப்போது முட்டி நிஜமாகவே வீங்கியது. அது போதாதென்று மறுநாள் கழுத்துப் பட்டையும் கட்டிக்கொண்டார்.

"முதுகு வலிக்கு எதுக்குக் கழுத்துல பட்டை?" என்றாள் லொரெய்ன்.

"வலி மேல ஏறுது."

"ஏறட்டும். மண்டைக்குள்ள இடம் காலியாத்தான் கிடக்கு." குப்பைத்தொட்டியை அவளே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டு நோட்டில் அதுவும் ஏறியிருக்கும் என்று ட்ரெவர் கணக்குப் போட்டார்.

மூன்றாவது வாரம் நெவிலின் முகம் இன்னும் ஒடுங்கிப்போயிருந்தது. பார்வை ட்ரெவரின் கதவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பிடக்கூடப் போகாமல் வேலை பார்க்கிறானே, என்ன கடமை உணர்ச்சி என்று ட்ரெவர் நினைத்தார். இரவில் தூக்கமில்லை. வீடு போய்விடும், லொரெய்ன் அறுபது வயதில் தரை துடைக்கப் போவாள், மால்கம் கைகொட்டிச் சிரிப்பார். எல்லாவற்றையும் விட அந்தச் சிரிப்புத்தான் அவரை எழுப்பிவிட்டுக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை கிளப்புக்குப் போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். போனார். உள்ளே நுழைந்ததும் கால் பின்வாங்கியது. மூலையில் அரைக் கோப்பை பீருடன் நெவில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைய தலைப்பு, அரசாங்கச் செலவை எங்கே வெட்டுவது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மால்கம் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார்.

"நாப்பது வருஷம் வரி கட்டினேன்! என்ன கிடைச்சுது? ரோட்டுல குழி, ஆஸ்பத்திரியில வரிசை. காசெல்லாம் எங்க போகுது? நோயாளி வேஷம் போடறவனுக்குப் போகுது!"

பீர் ஊற்றிக்கொண்டிருந்த ஷீலா விடவில்லை. "வரியே கட்டாத கோடீஸ்வரனைப் பத்தி ஒரு வார்த்தை பேசறீங்களா? எங்க அக்காவுக்குப் பணத்தைக் குறைச்சுட்டாங்க. ஹீட்டர் போடக் காசில்லாம சூட்டுக்காக நாள் முழுக்க பஸ்ஸிலயே சுத்தறா."

"உங்க அக்காவைச் சொல்லலைம்மா. மத்தவங்களைச் சொன்னேன்."

"எங்க அக்கா உனக்கு மத்தவதான், மால்கம்."

"ட்ரெவர், நீ சொல்லுப்பா! என்ன இன்னிக்கு வாயில பூட்டு? ஆமா, இது என்ன, தடி, பட்டை எல்லாம்?"

"செடிமேல விழுந்துட்டேன்," என்றார் ட்ரெவர். பாதி உண்மை என்பதால் குரல் பாதிதான் வந்தது.

அப்போது நெவில் பள்ளிப் பிள்ளைபோல் கை தூக்கினார்.

"ஒரு சந்தேகம். ஆபீஸ்ல கடிதம் அனுப்பிட்டோம்னு சொல்றாங்க. அந்த ஆளு வரலைங்கறான். அப்ப என்ன செய்யறது?"

ட்ரெவரின் காதுக்குள் ஏதோ இரைந்தது. தெரிந்துவிட்டது. கருவிப்பெட்டிவரை தெரிந்துவிட்டது. அவர் துள்ளி எழுந்தார். கைத்தடி கீழே விழுந்தது. பதற்றத்தில் வில்போல வளைந்து அதை எடுத்தார். எடுத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நெவிலும் சேர்த்து.

மறைக்க ஒரே வழி சத்தம்தான்.

"வரலைன்னு சொல்றவன் பொய்யன்!" என்று கத்தினார். "அனுப்பின கடிதம் என்ன, இறக்கை முளைச்சுப் பறந்தா போச்சு? எங்கயோ ஒளிச்சு வச்சிருப்பான் திருட்டுப் பய! பதில் போடாதவனுக்கு அன்னிக்கே பணத்தை நிறுத்து! அவன் குடும்பம் என்ன ஆனா நமக்கென்ன?"

கிளப் அதிர்ந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் மால்கம் லாட்டரிச் சீட்டுத் தாளின் பின்புறத்தில் தொகுதி எம்.பி.க்கு ஒரு மனுவே எழுதிவிட்டார். "முதல் கையெழுத்து நீதான்பா!" ட்ரெவர் தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கும் உணர்வோடு கையெழுத்துப் போட்டார். தலை நிமிர்ந்தபோது மூலையில் அரைக் கோப்பை பீர் அப்படியே இருந்தது. நெவில் இல்லை.

அறிக்கை எழுதப் போய்விட்டான் என்று ட்ரெவர் முடிவே செய்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜன்னலில் நெவில் இல்லை. பத்து ஐந்துக்கு ட்ரெவரின் ஒன்பதாம் நம்பர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ட்ரெவர் பட்டை கட்டி, போர்வை போர்த்தி, தடியை மடியில் வைத்துச் சோபாவில் சரிந்தார்.

"எதிர்வீட்டுக்காரர் வந்திருக்கார்," என்று லொரெய்ன் அழைத்து வந்தாள். நெவில் நோட்டுப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். இப்ப கிட்ட வந்தப்பதான் பார்த்தேன், உங்க கதவு நம்பர்…"

"போதும்!" ட்ரெவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. போர்வையை உதறினார். "எல்லாம் சொல்லிடறேன்! கடிதம் மூணு வாரம் முன்னாடியே வந்துடுச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன். பென்ஷனும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, நானும் உதவிப்பணம்தான் வாங்கறேன். முதுகு வலி நிஜம், சத்தியமா நிஜம். ஆனா நல்ல நாளும் வரும். அதையும் எழுதிக்குங்க. எழுதிட்டு எங்களை விட்டுடுங்க!"

"கடிதமா? என்ன கடிதம்?" என்றாள் லொரெய்ன்.

ட்ரெவர் தடியை மறந்து எழுந்தார். கருவிப்பெட்டியைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவருக்கு அடியிலிருந்து உறையை எடுத்து, அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு, குப்புறவே நீட்டினார்.

நெவில் அதை வாங்கித் திருப்பினார். முகவரியில் இருந்த தன் பெயரை விரலால் தடவினார். பிறகு நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதியும், அதன் எதிரே ஒரே வரியும் இருந்தன: தபால் வந்தது, எனக்கு இல்லை.

லொரெய்ன் வாசலுக்குப் போய், தலைகீழாகத் தொங்கிய ஒன்பதை ஒருமுறை பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவிலிருந்த ஆறையும் பார்த்தாள். திரும்பி வந்து, கருவிப்பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ட்ரெவரின் கையில் வைத்தாள்.

நெவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இதுக்குப் பதில் போடலைன்னு எனக்குப் பணத்தை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு, சார்… வரலைன்னு சொன்னவன் பொய்யன் இல்லைன்னு, நேத்து கத்தின அதே சத்தத்துல அந்த ஆபீஸ்ல வந்து சொல்லுவீங்களா?"